வெட்டி எறியப்பட்ட கொழுப்பு

மார்பகத்திலிருந்து எடுத்த திசு நுண்ணோக்கிக்குப் போவதற்கு முன் பல கைகள் மாறும். ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் ஈரத்தை வடித்து, சைலீனில் அலசி, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றுவார்கள். ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். அதனால் பால் சுரப்பிகளும் நாளங்களும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் தெரியும். கொழுப்புச் செல்கள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை வட்டங்கள்தான் மிஞ்சும். தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களின் பார்வை அந்த வட்டங்களைத் தாண்டியே போனது. புற்று எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. வெற்றிடத்தில் தேட என்ன இருக்கிறது?

நிறைய இருந்தது. புற்றுநோய் வந்த பெண்களின் மார்பகத்தில் அதைப் பார்த்து எழுதிவைக்க 2011 வரை ஆயிற்று.

அறுவை மேசையிலும் கொழுப்புக்கு இதே கதிதான். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், 1894இல் 50 நோயாளிகளின் அறுவை விவரங்களை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியில் உள்ள தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள், சுற்றியிருக்கும் கொழுப்பு என அத்தனையையும் ஒரே துண்டாக எடுப்பது அவர் முறை. புற்று ஓரிடத்திலிருந்து படிப்படியாக நகர்கிறது, அகலமாக அறுத்தால் அதை முந்திவிடலாம் என்று நம்பினார். முக்கால் நூற்றாண்டுக்கு அதுவே வழக்கமாக நின்றது. உயிர் பிழைத்த பெண்கள் பலர் கை வீங்கி, தோள் முடங்கி, நெஞ்சு குழிந்து மீதி நாட்களைக் கழித்தார்கள். அந்த வலிக்கு மருத்துவ வரலாறு இன்னும் முழுதாகக் கணக்குச் சொல்லவில்லை. இப்படி வெட்டி எடுத்த அக்குள் முடிச்சுகளில் நிறைந்திருக்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களின் வேலை என்ன என்பதே ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் செய்த சோதனைகளால், 1960களை ஒட்டித்தான் துலங்கியது. 1971இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தொடங்கிய ஆய்வு, பெரிய அறுவை செய்துகொண்டவர்கள் சிறிய அறுவை செய்துகொண்டவர்களைவிட நீண்ட நாள் வாழவில்லை என்று காட்டியது. நோய் ஓரிடத்து விவகாரம் அல்ல, முழு உடம்பின் விவகாரம் என்றார் ஃபிஷர். கொழுப்பின் பக்கம் கண் திரும்புவதற்கு அந்தப் பார்வை தேவைப்பட்டது.

எடைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை வேறொரு கூட்டம் முன்பே கவனித்திருந்தது. பாலிசி விற்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு, யார் எவ்வளவு சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது பிழைப்புக் கணக்கு. குண்டானவர்களின் பெயர்கள் அந்தக் கணக்கில் முந்தி வந்தன. 1940களில் சிகாகோவில் ஆல்பர்ட் டானன்பாம், எலிகளுக்குத் தீனியைக் குறைத்துப் பார்த்தார். அரை வயிற்றோடு வளர்ந்த எலிகளுக்கு மார்பகக் கட்டி உட்படப் பல கட்டிகள் குறைவாக வந்தன, தாமதமாகவும் வந்தன. ஏன் என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

முதலில் கிடைத்த விடை ஹார்மோன். கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் 1896இலேயே, சினைப்பைகளை எடுத்தால் சில பெண்களின் மார்பகப் புற்று சுருங்குவதைக் காட்டியிருந்தார். அப்படியானால் மாதவிடாய் நின்று, சினைப்பை ஓய்ந்த பிறகு நோய் ஏன் வருகிறது? நெதர்லாந்தின் டி வார்ட் 1960களில், அந்த வயதுப் பெண்களின் நோயைப் பருமனோடு சேர்த்துப் பார்த்தார். 1970களில் அமெரிக்காவின் சீட்டேரியும் மெக்டொனால்டும் வழியைத் துலக்கினார்கள்: கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி, அட்ரினல் சுரப்பி அனுப்பும் பொருளை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். மாதவிடாய் நிற்பதற்கு முன் கதை வேறு. அந்த வயதில் பருமனான பெண்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவாகவே வருகிறது.

ஆனால் ஹார்மோன் பாதி விடைதான். 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்லே சுரந்து, மூளைக்குக் கொழுப்புச் சேமிப்பின் அளவைச் சொல்லும் ஹார்மோன் அது. நான்கே ஆண்டுகளில், நோய் எதிர்ப்பு டி செல்களும் லெப்டினுக்குச் செவிசாய்க்கின்றன என்று லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைத்த திசு, நோய் எதிர்ப்பு மண்டலத்தோடு நேராகப் பேசிக்கொண்டிருந்தது.

2003இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு கொழுப்புக்குள் இருக்கும் மேக்ரோஃபேஜ்களை எண்ணியது. இவை இறந்த செல்களையும் கிருமிகளையும் விழுங்கும் வெள்ளணுக்கள். மெலிந்தவர்களின் கொழுப்புத் திசுவின் செல்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தவை, மிகப் பருமனானவர்களிடம் ஏறக்குறைய 40 விழுக்காடாகப் பெருகியிருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து இத்தாலியின் சின்டி காரணத்தைக் கண்டார். அளவு மீறி ஊதிய கொழுப்புச் செல் செத்துப்போகிறது. அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கிரீடம் வைத்ததுபோல வளையமாக மொய்க்கின்றன. 2011இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ டேனன்பெர்க் குழு, புற்றுநோய் வந்த 30 பெண்களின் மார்பகத் திசுவைத் தேடியது. ஏறத்தாழ பாதிப் பேரிடம் அதே கிரீடங்கள் இருந்தன, பருமன் கூடக் கூட அதிகமாகவும் இருந்தன. கிரீடங்கள் இருந்த இடத்தில் அழற்சி, அழற்சி இருந்த இடத்தில் கூடுதல் அரோமட்டேஸ். ஹார்மோன் கதையும் நோய் எதிர்ப்புக் கதையும் அங்கே ஒன்றாயின.

அப்படி வெள்ளணுக்கள் பெருகினால் புற்றை அடக்க வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். ஓயாத அழற்சியில் ஊறிய படைக்குக் குறி தவறுகிறது. 2018இல் டப்ளினில் லிடியா லிஞ்ச் குழு, புற்று செல்களைக் கொல்ல வேண்டிய இயற்கைக் கொல்லி செல்களை ஆராய்ந்தது. பருமனான உடலில் அவை கொழுப்பை உள்வாங்கிப் பருத்துப்போகின்றன. எதிரியைக் கண்டு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் துளையிடும் புரதத்தை அந்த ஒட்டிய முனைக்கு நகர்த்தும் சக்தி இல்லை. டி செல்களுக்கும் இதே தடுமாற்றம். பருமனான எலிகளின் மார்பகக் கட்டிகளில், லெப்டினின் தூண்டுதலால் அவை சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கிப் போர்க்குணம் இழக்கின்றன என்று கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள்.

எதிர்பாராத திருப்பம் ஒன்றும் உண்டு. டி செல்லின் மேல் பிடி-1 என்ற தடை இருக்கிறது. அதைக் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோ குழு 1992இல் கண்டறிந்தது. லெப்டின் அந்தத் தடையைக் கூட்டுகிறது. தடையை நீக்கும் மருந்தைக் கொடுத்தபோது, பருமனான எலிகளிடம் அது மேலும் நன்றாக வேலை செய்தது என்று 2018இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு அறிவித்தது. பருமன் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. புற்றை வளரவிடும் அதே கோளாறு மருந்துக்கும் ஒரு கைப்பிடி தருகிறது, அவ்வளவே. அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப், மும்மறை (டிரிபிள் நெகட்டிவ்) மார்பகப் புற்றின் ஆரம்பக் கட்டத்துக்கும் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நோயாளிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்த வரலாற்றில் ஆதாரம் எதுவும் இல்லை. எடை சரியாக உள்ள சில பெண்களின் மார்பகத்திலும் கிரீடங்கள் காணப்பட்டன. தராசு காட்டும் எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தெற்காசியர்களுக்கு அந்த எண்ணின் வாசலே வேறு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டினால்தான் அதிக எடை என்பது பொது அளவு. ஆசிய மக்களுக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பரிசோதனைக்குப் போகும் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய எண் இது.

நோய் வந்த பிறகு எடையைக் குறைத்தால் அது திரும்பி வருவது குறையுமா என்பதை அறிய, அமெரிக்காவிலும் கனடாவிலும் 2016இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்குப் பொதுவான நலக் கல்வி மட்டும். மறுபாதியினரைப் பயிற்சியாளர்கள் இரண்டு ஆண்டுகள் தொலைபேசியில் அழைத்து, என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நடந்தார்கள் என்று கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசினார்கள்.