மேகக் கணிமையில் மலேசிய அரசுத் தரவுகளின் மறைக்குறியாக்கம்

தனியார் நிறுவனங்களின் மேகக் கணிமைச் சர்வர்களில் அரசு வைக்கும் தரவுகளை, சாவி இல்லாதவர் வாசிக்க முடியாதபடி உருமாற்றிக் காக்கும் முறை இது. 2021 பிப்ரவரியில் வெளியான மைடிஜிட்டல் திட்டம், 2022 இறுதிக்குள் மலேசிய அரசுத் தரவில் 80 விழுக்காட்டை, பொது மேகமும் தனி மேகமும் இணைந்த கலப்பு மேகத்துக்கு மாற்றுவதை இலக்காக வைத்தது. மைக்ரோசாப்ட், கூகுள், அமேசான், டெலிகோம் மலேசியா ஆகிய நான்குக்கும் அப்போது நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது.

1929இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் பதிவிலாகா, கிளினிக், பள்ளி, உதவித்தொகை எனப் பல அரசு ஏடுகளில் பெயர் இருக்கும். இவற்றை இணைப்பது தேசிய அடையாள அட்டையான மைகார்டின் 12 இலக்க எண். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம், கேமரன் மலை அமைந்த பகாங் என்றால் வழக்கமாக 06. எஞ்சியவை 4 மட்டுமே. ஆகவே இந்த எண்ணைச் சாவியற்ற 'ஹாஷ்' எனும் ஒருவழி உருமாற்ற முறையில் மறைப்பது வெறும் கண்துடைப்பு. பிறந்த தேதியும் மாநிலமும் தெரிந்தவர் சோதிக்க வேண்டியவை 10,000 எண்கள்தான். சாதாரணக் கணினிக்கு அது நொடி வேலை.

சாவியுள்ள முறைகளில் பரவலானது ஏஇஎஸ். பெல்ஜியத்தின் டேமன், ரைமன் இருவரும் வடிவமைத்த இதை அமெரிக்கா 2001இல் தரமாக ஏற்றது. நம்பத்தக்க மறைக்குறி முறைகளை மலேசியா 'மைசீல்' பட்டியலில் தொகுத்துள்ளது. தரவு ஒரு சாவியால் பூட்டப்படும். அந்தச் சாவியை இன்னொரு தலைமைச் சாவி பூட்டும்.

தலைமைச் சாவி யார் கையில் என்பதே முதன்மையான கேள்வி. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு 'கிளவுட்' சட்டப்படி, அந்நாட்டு நிறுவனங்கள் தம் வசமுள்ள தரவை, அது எந்த நாட்டில் இருந்தாலும், சட்டபூர்வ ஆணைக்கு ஒப்படைக்க நேரிடலாம். சர்வர் மலேசிய மண்ணில் இருப்பது மட்டும் இதற்குக் காப்பாகாது. சாவியை அரசே தன் பாதுகாப்புக் கருவியில் வைத்திருந்தால், நிறுவனம் தருவது வாசிக்க முடியாத குறியீடாகவே இருக்கும். ஆனால் அச்சாவி தொலைந்தால் தரவும் போயிற்று.

முறைப்படி உள்நுழைபவர் போல் வருபவரை மறைக்குறியாக்கம் தடுக்காது. 2024 ஜனவரி 2இல் தொடங்கிய 'பாடு' மையத் தரவுத்தளத்தில், மைகார்டு எண்ணைக் கொண்டு பிறருடைய கடவுச்சொல்லை மாற்றக்கூடிய ஓட்டை சில நாட்களிலேயே தெரியவந்து அடைக்கப்பட்டது.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசுக் கிளினிக் ஏடு கசிந்தால், தோட்டத் தொழிலாளி அரசுக்கு எதிராக அச்சட்டத்தை நாட முடியாது.