ஒரே உடலுக்குள் ஒரு கணினி: வாங்குமுன் அறிய வேண்டிய வரலாறு



பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல் இன் ஒன் கணினி வாங்கலாமா? இடம் மிச்சம், கம்பித் தொல்லை இல்லை என்கிறார்களே!" கடைக்காரர் தரும் விடையைக் காட்டிலும் அக்கணினியின் வரலாறு தரும் விடையே நேர்மையானது என்பது என் கருத்து.

1977: தொடக்கம்

இது புதிய பொருள் அன்று. 1977-ஆம் ஆண்டில் கொமடோர் நிறுவனம் 'பெட்' என்னும் கணினியை வெளியிட்டது. 9 அங்குலத் திரை, விசைப்பலகை, ஒலிநாடாக் கருவி ஆகிய மூன்றும் ஒரே உடலில் அமைந்திருந்தன. மற்ற கணினிகள் பலவற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பயன்படுத்திய காலம் அது. மின்சாரத்தில் செருகியதும் இயங்கிய 'பெட்' கணினியை வட அமெரிக்கப் பள்ளிகள் விரும்பி வாங்கின. எளிமைதான் இவ்வகைக் கணினியின் முதல் வலிமை, இன்றும் அதுவே.

1984: திறக்க இயலாத பெட்டி

1984 சனவரி 24-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வெளிவந்தது. விலை 2,495 அமெரிக்க டாலர்; நினைவகம் 128 கிலோபைட். நினைவகச் சில்லுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. கூடுதல் அட்டை செருக இடமில்லை. பெட்டியைத் திறக்கவே நீண்ட தண்டுடைய தனி வகைத் திருப்புளி வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் 512 கிலோபைட் நினைவகத்துடன் அடுத்த பதிப்பு வந்தது. முதற்பதிப்பை வாங்கியோர் நிறுவனத்தின் வழியாகவே அந்த அளவை எட்ட, பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று. எட்டே மாதத்தில் வந்த நிலை இது!

1998, 2004: அழகும் பழுதும்

1998 ஆகஸ்டு 15-ஆம் நாள் 'ஐமேக்' 1,299 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதில் நெகிழ்வட்டு இயக்கி இல்லை. தங்கள் கோப்புகளை நெகிழ்வட்டில் வைத்திருந்தோர் தனியாக ஒரு கருவி வாங்கினர்.

2004-இல் வந்த 'ஐமேக் ஜி5', உறுப்புகள் அனைத்தையும் தட்டைத் திரைக்குப் பின்னால் ஒளித்தது. இன்றைய ஆல் இன் ஒன் கணினிகளின் பொது வடிவமும் அதுவே. ஆனால், அதன் தொடக்கப் பதிப்புகள் பலவற்றில் மின்தேக்கிகள் வீங்கிப் பழுதாயின. நிறுவனம் சிறப்புத் திட்டம் அமைத்துப் பழுதுபார்த்துக் கொடுத்தது. பழுது பலகையில்தான்; ஆயினும் திரையும் சேர்ந்தே முடங்கிற்று.

2012 முதல்: பசையும் மெலிவும்

2012-இல் ஐமேக்கின் திரை பசையால் ஒட்டப்பட்டது. 27 அங்குல வகையில் நினைவகம் மாற்றப் பின்புறம் சிறு கதவு இருந்தது; 21.5 அங்குல வகையில் அதுவும் இல்லை. 2021-இல் வந்த 24 அங்குல ஐமேக்கின் தடிமன் 11.5 மில்லிமீட்டரே. அதில் வாங்கிய நாளில் உள்ள நினைவகமே இறுதி வரைக்கும்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியின் திரை தெளிவாகவே இருக்கலாம். அது தனித் திரையாக இருந்தால் புதிய கணினியோடு இணைத்துவிடலாம். ஒருங்கிணைந்த கணினியின் திரையோ, வெளிக்காட்சியை ஏற்கும் துளை இல்லாவிடில் பயனற்றுப் போகும்.

ஆகவே, வாங்குமுன் கேளுங்கள்:

1. நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் மாற்ற முடியுமா? முடியாதெனில் இன்றைய தேவைக்கு மேல் ஒரு படி கூட்டியே வாங்குங்கள்.
2. எச்டிஎம்ஐ துளை உள்ளதா? இருந்தால், அது காட்சியை வெளியே அனுப்புவதற்கா, உள்ளே ஏற்பதற்கா? இரண்டும் வேறு.
3. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? அதில் திரையும் அடங்குமா? பழுதுபார்ப்பு நம் ஊரிலேயே நடைபெறுமா?
4. உள்ளிருப்பது மடிக்கணினிக்கான செயலியா? பல ஆல் இன் ஒன் கணினிகளில் அவ்வாறே. அதே விலைக்குத் தனிப்பெட்டிக் கணினி கூடுதல் ஆற்றல் தரக்கூடும்.
5. காற்றுத் துளைகள் சுவரை ஒட்டி அடைபடாமல் வைக்க இடமுண்டா? இடியும் மின்னலும் மிகுந்த நம் நாட்டில் மின்னெழுச்சித் தடுப்பானும் தேவை.

இடம் குறைந்த அடுக்குமாடி வீட்டில் பாடமும் எழுத்துப்பணியும் மட்டுமே நோக்கமெனில், ஒருங்கிணைந்த கணினியை ஐயமின்றி வாங்கலாம். ஆனால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், மூத்த பிள்ளைக்கு வாங்கி இளைய பிள்ளை வரைக்கும் பயன்பட வேண்டும் என எண்ணும் குடும்பத்திற்கு நான் தனித் திரையும் தனிப்பெட்டியுமே பரிந்துரைப்பேன். அதில் ஓர் உறுப்பு கெட்டால் அந்த ஓர் உறுப்புக்கு மட்டும் செலவழித்தால் போதும்.