அவிழ்த்தலும் திறத்தலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், தச்சங்குறிச்சியிலோ விராலிமலையிலோ, சல்லிக்கட்டு நாளில் வாடிவாசலருகே நின்றவர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். வாசலைத் திறக்கிறார்கள், மூக்கணாங்கயிற்றை உருவுகிறார்கள், காளையை அவிழ்த்துவிடுகிறார்கள். மூன்றும் விடுவித்தல்தான். ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பேச்சு நொண்டும்.

தமிழில் விடுவிக்கும் வினை, கட்டிய விதத்தை நினைவில் வைத்திருக்கிறது. முடிச்சு அவிழும், மோதிரம் கழலும், கதவு திறக்கும். கூந்தலைப் போலவே மொட்டும் அவிழ்கிறது. வெந்து விரிந்த சோற்றுப் பருக்கைக்கும் 'அவிழ்' என்றே பெயர்.

'பூட்டு' இன்னும் சுவையானது. ஏரில் எருதைப் பூட்டினர். வில்லில் நாணைப் பூட்டினர். பொருத்துதலைக் குறிக்கும் அவ்வினையே கதவில் தொங்கும் கருவிக்கும் பெயராயிற்று. பூட்டிய எருதை அவிழ்க்கிறோம். பூட்டிய கதவைத் திறக்கிறோம். போர்த்துகீசியரின் வருகைக்குப்பின் அவர்கள் மொழியிலிருந்து 'சாவி' வந்தது. 'திறவுகோல்' பேச்சிலிருந்து விலகி ஏட்டில் தங்கியது.

கதவு என்றதும் திருமறைக்காடு நினைவுக்கு வரும். மறைகள் அடைத்துச் சென்ற வாயிலைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடவேண்டியிருந்தது. அடைக்கச் சம்பந்தருக்கு முதற்பாடலே போதுமாயிற்று. ஏழாம் நூற்றாண்டினரான இவ்விருவரின் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தார். சைவ மரபு இதனைத் 'திருக்காப்பு நீக்குதல்' என்கிறது. அங்கே அடைப்பு தடையன்று, காவல். ஆகவே அதை உடைப்பதில்லை; வேண்டி நீக்குகிறார்கள்.

இலக்கணமும் இங்கே துணைநிற்கிறது. 'அவிழ்ந்தது, அவிழ்த்தான்'; 'நீங்கியது, நீக்கினான்' எனத் தன்வினையும் பிறவினையும் வடிவத்தால் வேறுபடுகின்றன. 'கதவு திறந்தது', 'கதவைத் திறந்தான்' என்னும்போதோ வினையடி மாறுவதில்லை. கதவு தானே திறந்ததா, பாடியவர் திறந்தாரா என்பதை 'திற' என்னும் சொல் தன்னளவில் காட்டிக்கொடுப்பதில்லை. அப்பர் கதையின் நுட்பமும் அதுவே.

இன்று என் வகுப்பறையில் பை, புட்டி, முடிச்சு, கதவு எல்லாமே 'ஓபன்' செய்யப்படுகின்றன. பிறமொழிச் சொல் வருவது குற்றமன்று. சாவியும் அப்படி வந்ததுதான். ஆனால் சாவி ஒரு சொல்லின் இடத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. இதுவோ ஐந்தாறு வினைகளை ஒருசேர விழுங்குகிறது. அவற்றோடு, எது எவ்வாறு கட்டப்பட்டிருந்தது என்ற அறிவும் போகிறது.

ஆனாலும், காளை வளர்க்கும் வீட்டிலிருந்து வரும் மாணவர் எவரும் காளையை 'ஓபன்' பண்ணியதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கயிறு கையில் இருக்கும்வரை அவ்வினையும் நாவில் இருக்கும் போலும்.