ஆணை ஒன்று, வழி இரண்டு: சேரிப் பள்ளியின் நூறாண்டு

பூந்தமல்லி ஒன்றியத்தில் இருக்கும் குத்தம்பாக்கத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி பட்டியல் சமூகத்தில் பிறந்த வேதிப் பொறியாளர். அரசின் சமத்துவபுரம் திட்டம் வந்தபோது அதை அவர் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. தனித்தனி வீடுகளுக்குப் பதிலாக இரட்டை வீடுகள் கட்ட வேண்டும் என்றார். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் தலித் அல்லாத குடும்பம், நடுவில் ஒரே சுவர். அப்படி 50 இரட்டை வீடுகள் எழுந்தன.

அந்தச் சுவரைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் கேட்க விரும்புவது வேறு. குடியிருக்கும் வீட்டையே பொதுச் சுவரோடு கட்ட முடிந்த இந்த நாட்டில், குழந்தைகள் படிக்கும் பள்ளியை அரசு ஏன் இரண்டு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது?

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத் துறையின் கீழ் 1,138 பள்ளிகள் உள்ளன. அவற்றில் 833 தொடக்கப் பள்ளிகள். மற்ற அரசுப் பள்ளிகளில் உள்ள அதே பாடநூல், அதே பொதுத்தேர்வுதான் இங்கும். ஆனால் தலைமையாசிரியருக்கு மேலே இருக்கும் அலுவலகம் வேறு. ஓர் அரசாணை கோட்டையிலிருந்து கிளம்பி வகுப்பறைக்கு வந்து சேரும் வழியும் வேறு. இந்த இரண்டாவது வழி எப்படி உண்டானது என்று தெரியாமல், இன்று நடக்கும் "பள்ளிகளை இணைக்கலாமா, கூடாதா" என்ற விவாதத்தில் நாம் கருத்துச் சொல்ல முடியாது.

8,157-ல் 609

கல்வி கேட்டது முதலில் நம் மக்கள்தான்; அரசு தானாகக் கொடுக்க வரவில்லை. 1891-ல் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டின் கோரிக்கைகளில் கல்வியும் இருந்தது. அதே ஆண்டில்தான் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். இன்று திருவள்ளூர் மாவட்டமாக இருக்கும் நம் பகுதி அப்போது செங்கல்பட்டைச் சேர்ந்தது. பஞ்சமி நில ஆணை அந்த அறிக்கையிலிருந்து பிறந்தது என்பது நமக்குத் தெரியும். 1893-ல் பஞ்சமர் கல்விக்கென்றே ஓர் அரசாணை வந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அடுத்த ஆண்டு, 1894-ல், கர்னல் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

ஆணை வந்து கால் நூற்றாண்டு கழித்து, 1919-ல் சென்னை மாகாண அரசு ஒரு கணக்கு எடுத்தது. பொது நிர்வாகத்தின் கீழ் இருந்த பள்ளிகள் 8,157. பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. மக்கள் வரியில் நடந்த பள்ளிகளில் நூற்றுக்கு ஏழரைக்கும் குறைவு!

காரணம் கேட்டபோது வந்த பதில்களில் சாதி வெறுப்பு மட்டும் இல்லை, இடமும் இருந்தது. பள்ளி அக்ரகாரத்தில் நடந்தது, கோயிலை ஒட்டி நடந்தது, சாவடியில் நடந்தது. நம் பிள்ளை காலடி வைக்கக் கூடாத இடத்தில் பள்ளியை வைத்துவிட்டு, "பள்ளியில் தடை இல்லை, யாரும் வரவில்லை" என்று எழுதிவிடலாம் அல்லவா? எல்லோரும் வந்துபோகக்கூடிய இடத்தில்தான் பள்ளி இருக்க வேண்டும் என்று அரசு அதே ஆண்டில் ஆணையிட்டது. அந்த இடத்துக்குப் போகும் பொதுத் தெருவில் நடக்கும் உரிமைக்கு 1924-ல் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தனியாக ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி பிறந்த கதை

ஆணை போட்டும் பள்ளிக் கதவு திறக்காத ஊர்களில் என்ன செய்வது? அரசு ஊரோடு மோதவில்லை. 1919-ல் ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென்று ஓர் அதிகாரியை நியமித்தது. அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியாக மாறியது. சேரிக்கு மனைப்பட்டா, கிணறு, சுடுகாட்டுப் பாதை, பள்ளி எல்லாம் அந்த ஒரே துறையின் வேலை. பொதுப் பள்ளியில் இடம் கிடைக்காத ஊர்களில் தொழிலாளர் துறை தானே பள்ளி தொடங்கியது.

நம் மக்களுக்கு அந்தப் பள்ளிகள் பெரிய வாசல். அதில் சந்தேகமே இல்லை. நம் சமூகத்தில் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். ஆனால் அதே செயல் இன்னொன்றையும் செய்தது. கதவைத் திறக்க மறுத்த ஊர்ப் பள்ளிக்கு அரசே ஒரு வசதி செய்து கொடுத்தது: "உங்களுக்குச் சிரமம் வேண்டாம், அவர்களுக்குத் தனியாகக் கட்டிவிடுகிறோம்."

பெயர் பலமுறை மாறியது. 1922-ல் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் ஏறியது. சுதந்திரத்துக்குப் பிறகு அது ஹரிஜன நலத் துறை ஆனது, பிறகு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை. பெயர்கள் மாறினாலும் நிர்வாக அமைப்பு மாறவில்லை. மனைப்பட்டாவையும் பள்ளியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் 1920-ன் முறை அப்படியே தொடர்ந்தது.

ஒரு தலைமையாசிரியர், இரண்டு அலுவலகங்கள்

இன்றைய நிலையைப் பாருங்கள். ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், இயக்குநர். எல்லோருமே கல்வித் துறைக்காரர்கள்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளித் தலைமையாசிரியருக்கு மேலே இருப்பவர்கள் தனி வட்டாட்சியரும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரும். வருவாய்த் துறையிலிருந்து வருபவர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் மேசையில் நில எடுப்பு இருக்கிறது, பட்டா இருக்கிறது, விடுதி இருக்கிறது, வன்கொடுமை வழக்கின் நிவாரணம் இருக்கிறது. அத்தனைக்கும் நடுவில் மூன்றாம் வகுப்புக் குழந்தை வாசிக்கிறதா என்று போய்ப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை.

பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, எமிஸ் பதிவு எல்லாம் பள்ளிக் கல்வித் துறை வழியாக வரும். 2022 ஜூனில் முதலமைச்சர் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைத்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அந்த வழிதான். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், மாறுதல் வேண்டுமென்றால், அதற்கு நலத் துறை. கட்டடத்துக்குத் தாட்கோ. ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் இரண்டு அலுவலகங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால், வகுப்பு எடுப்பது யார்?

நன்கொடை எந்தத் தெருவுக்குப் போகும்?

அரசுப் பள்ளிக்கு மக்கள் கைகொடுக்கும் வரலாறும் நம் பகுதியோடு தொடர்புடையது. காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-ல் திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. மாநிலம் முழுவதும் பரவிய ஓர் இயக்கத்தின் தொடக்கம் அது. ஊர் மக்கள் பள்ளிக்கு நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு, கரும்பலகை, மதிய உணவுக்கு அரிசி கொடுத்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் நிலம் வைத்திருப்பவர்தான் நிலம் கொடுக்க முடியும். நெல் அறுத்துத் தன் களத்தில் கொட்டுபவர்தான் மூட்டை அனுப்ப முடியும். கூலி வேலைக்குப் போகும் தெருவில் இருக்கும் பள்ளிக்கு, அரசைத் தவிர வேறு நன்கொடையாளர் கிடையாது.

அரசு தரும் ஆண்டுப் பள்ளி மானியமும் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருகிறது. சமக்ர சிக்ஷா விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. சின்னத் தொடக்கப் பள்ளிக்கு, அது எந்தத் தெருவில் இருந்தாலும், ஒழுகும் கூரை ஒன்றுதான். ஆனால் கையில் கிடைப்பது குறைவு. பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் இன்னும் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஆம்னி பேருந்துகளும் புதிய குடியிருப்புகளும் தனியார் பள்ளி வேன்களும் பெருகிவரும் பூந்தமல்லி வட்டாரத்தில் இதை நாம் கண்ணால் பார்க்கலாம்.

இணைப்பு: எதை இணைப்பது, எதை விடக்கூடாது

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், பல்வேறு துறைகள் நடத்தும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அரசு அறிவித்தது. அந்த ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, எல்லாப் பள்ளிகளையும் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும் சொன்னது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கு கல்வி அதிகாரியாகவும் தலைமையாசிரியராகவும் போடக்கூடாது என்றும் சொன்னது. பெயர்ப் பலகையைப் பற்றி நடந்த விவாதத்தில் பாதிகூட இந்தக் கடைசிப் பரிந்துரையைப் பற்றி நடக்கவில்லை.

நம் பக்கத்திலும் இணைப்பை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் வெறும் பயம் அல்ல. தனித் துறை என்றால் தனி நிதி, தனிப் பணியிடம், துறையின் பெயரில் நிலம். பெரிய துறையில் கரைந்துவிட்டால், பிள்ளைகள் குறைவு என்று சொல்லி நம் தெருப் பள்ளியைத்தான் முதலில் பூட்டுவார்கள் என்கிறார்கள். 8,157-ல் 609 என்ற வரலாறு உள்ள ஒரு துறையை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது என்பது நியாயமான பேச்சு.

ஆனாலும் தனி வழியே தொடரட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கல்வி தெரிந்த அதிகாரி மேற்பார்வையிடும் உரிமை நம் பிள்ளைக்கும் உண்டு. ஆகவே மேற்பார்வை, பயிற்சி, ஆசிரியர் நியமனம் ஆகியவை ஒரே வழியில் வரட்டும். நிதி, நிலம், விடுதி மூன்றும் சட்டப் பாதுகாப்போடு தனியாக நிற்கட்டும். 2024-ல் தமிழ்நாடு பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. இணைப்பு ஆணை வருமானால், இந்தப் பள்ளிகளுக்கான பணம் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரி வரியாகக் காட்டப்பட வேண்டும், குடியிருப்பில் உள்ள பள்ளியை மூடக்கூடாது என்ற உறுதி அந்த ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். இதுதான் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 21-ஆவது பிரிவு துறை பார்க்காது. நலப் பள்ளியானாலும் ஒன்றியப் பள்ளியானாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். 22-ஆவது பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் அந்தக் குழுதான்.

தோழர்களே, உங்கள் தெருப் பள்ளியின் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பெயர் எழுதி எடுங்கள். கூலிக்குப் போன அம்மாவின் கையெழுத்து அவர் இல்லாத கூட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசி மூன்று சுற்றறிக்கைகளைத் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவர் நம் எதிரி அல்ல, பெரும்பாலும் தனியாக விடப்பட்டவர். அதிகாரி கடைசியாக எந்தத் தேதியில் வந்து பார்த்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலைக் கிராம சபையில் சத்தமாகப் படியுங்கள்.

1893-லிருந்து நமக்கு ஆணைகளுக்குக் குறைவில்லை. ஆணை பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்கும் வேலை மட்டும் நம்முடையதாகவே இருந்திருக்கிறது. இனியும் நம்முடையதுதான்.