கனவு எடையும் கைக்கெட்டும் எடையும்

உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோர் தங்கள் எடையைப் பற்றி மனநிறைவு இல்லாமலேயே இருக்கின்றனர். 'இத்தனை கிலோ குறைந்தால்தான் நிம்மதி' என்று மனத்துக்குள் ஓர் எண்ணையும் வைத்திருக்கின்றனர். அந்த எண் மருத்துவர் சொல்லும் அளவைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதுதான் சிக்கல். நல்ல பலன் கிடைத்த பிறகும் 'ஒன்றும் குறையவில்லை' என்று பலர் சோர்ந்துபோவது இதனால்தான்.

நாட்டின் நிலை

மலேசியப் பெரியவர்களில் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் 2011ஆம் ஆண்டில் 44.5 விழுக்காடாக இருந்தனர். 2023ஆம் ஆண்டில் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகள் தரும் கணக்கு இது. இந்தியர்களிடையே உடல் பருமனும் இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவும் அதிகம் என்பதையும் இந்த ஆய்வுகள் காட்டி வந்துள்ளன.

எடையை அளக்க உடல் நிறைக் குறியீடு பயன்படுகிறது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரு முறை வகுத்தால் இது கிடைக்கும். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 23ஐ எட்டினாலே கவனம் தேவை என்றும், 27.5ஐ எட்டினால் அபாயம் அதிகம் என்றும் கொள்ளப்படுகிறது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்புச் சுற்றளவுக்கான எல்லை.

மனத்தில் உள்ள எண்

எடை இலக்கு பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டது. உடல் பருமன் கொண்ட 60 பெண்களிடம் அவர்களின் இலக்கு கேட்கப்பட்டது. தங்கள் எடையில் சராசரியாக 32 விழுக்காடு குறைய வேண்டும் என்றனர். 25 கிலோ குறைந்தால் 'ஏற்றுக்கொள்ளலாம்'. 17 கிலோ மட்டுமே குறைந்தால் அது 'ஏமாற்றம்' என்றனர்.

48 வாரச் சிகிச்சைக்குப் பின் அவர்கள் சராசரியாக 16 கிலோ குறைத்தனர். மருத்துவக் கண்ணுக்கு அது பெரிய வெற்றி. ஆனால், அவர்களில் 47 விழுக்காட்டினர் தாங்கள் 'ஏமாற்றம்' என்று குறித்த எடையைக்கூட எட்டவில்லை.

மருத்துவம் கேட்பது எவ்வளவு?

வழக்கமாக மருத்துவர்கள் முதலில் வைக்கும் இலக்கு, இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 விழுக்காடு. 160 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், அது நாலரை முதல் 9 கிலோ வரை. அவரே 32 விழுக்காட்டை இலக்காக வைத்தால் ஏறக்குறைய 29 கிலோ குறைக்க வேண்டும்.

குறைவான இலக்கால் பயன் உண்டா? அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2002ஆம் ஆண்டில் இதற்கு விடை தந்தது. ஒரு பிரிவினருக்கு 7 விழுக்காடு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்றாண்டுகளில், வெறும் ஆலோசனையும் போலி மாத்திரையும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது.

மேற்சொன்ன 90 கிலோ நபர் 7 விழுக்காடு குறைத்தால் 83.7 கிலோவுக்கு வருவார். அவரின் குறியீடு 35லிருந்து 33க்கு இறங்கும். கல்யாண வீட்டில் பார்ப்பவர்களுக்கு அவர் இன்னமும் குண்டாகவே தெரிவார். பலன் இரத்தத்தில் இருக்கும். கண்ணாடியில் அவ்வளவாகத் தெரியாது.

எடை ஏன் ஓரிடத்தில் நிற்கிறது?

எடை குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் குறைகிறது. ஓராண்டு கழிந்த பின்னும் இந்த மாற்றம் நீடிப்பதை 2011ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. குறைத்த எடை மீண்டும் ஏறுவதற்கு மன உறுதி இல்லாததே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

புதிய ஊசி மருந்துகளுக்கும் எல்லை உண்டு. செமாகுளூடைட் மருந்தைப் பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்ததாக 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டும் ஏறியது.

பெரிய இலக்கு தவறா?

இதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இத்தாலியின் 23 மருத்துவ மையங்களில் 1,785 பேரிடம் நடந்த ஆய்வில், அதிகம் எதிர்பார்த்தவர்களே ஓராண்டுக்குள் சிகிச்சையை அதிகம் கைவிட்டனர். பெரிய இலக்கு தீங்கு செய்யும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2013ஆம் ஆண்டில் வெளியான வேறொரு கட்டுரை வாதிட்டது. ஆசைப்படுவதில் குற்றமில்லை, வழியில் கிடைக்கும் சிறு பலனைத் தோல்வி என்று எண்ணுவதே இடைஞ்சல்.

பேச்சு எடையைக் குறைக்காது

'என்ன இப்படிப் பெருத்துட்டே?' என்பது நம்மவர்களிடையே நலம் விசாரிப்பதுபோல் ஆகிவிட்டது. சொன்னால்தான் ரோஷம் வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 2,944 பேரை நான்காண்டுகள் தொடர்ந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகக் கூறியவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 0.71 கிலோ குறைந்தது.

கவனிக்க வேண்டியவை

• முதல் ஆறு மாதத்துக்கு 5 முதல் 10 விழுக்காட்டை இலக்காக வைக்கலாம். அடுத்த இலக்கை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

• எடையோடு இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும். கிலோ நின்றுபோன மாதத்திலும் இவற்றில் முன்னேற்றம் இருக்கக்கூடும்.

• நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

• 'ஒரே மாதத்தில் 10 கிலோ' என்று விற்கப்படும் காப்பி, மாத்திரை வகைகளில் சிபுட்ராமின் கலந்திருந்ததை மலேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். இதயத்துக்கு ஆபத்து என்பதால் 2010ஆம் ஆண்டில் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது. மலேசியாவில் மருந்தாக விற்கப்படும் பொருளின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.