வருஷத்தில் சில நாள் ஓடும் ஆறு

மணப்பாறைப் பக்கத்துக் குன்றுகளில் பிறந்து, புதுக்கோட்டைச் சீமையைக் கடந்து, மணமேல்குடி அருகே கடலைத் தொடுகிறது தெற்கு வெள்ளாறு. ஒருகாலத்தில் சோழ, பாண்டிய நாடுகளுக்கு இதுதான் எல்லை; வடகரை கோனாடு, தென்கரை கானாடு. பேர் பெருசு. ஆனால் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் பெரும்பாலான நாள் மணல்தான்.

காரணம் எளிது. காவிரிக்குக் குடகு மலை இருக்கு, தென்மேற்குப் பருவமழை இருக்கு. வெள்ளாற்றுக்கு வாய்த்தவை உயரம் குறைந்த, வறண்ட குன்றுகள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டினால் வெள்ளம் வரும். சில நாளில் வடிஞ்சிடும்.

அந்தச் சில நாளை ஒரு வருஷத்துக்கு நீட்டியதுதான் இந்த மண்ணின் வரலாறு. ஆற்றை மறித்து, வாய்க்கால் வெட்டி, கண்மாய்களை நிரப்பினார்கள். எங்க தொழிலில் இதை 'பஃபர்' என்போம். அதைத் திறக்கவும் மூடவும் குமிழி: கண்மாய்க்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஆள் முங்கித் திறந்தால் வயலுக்குத் தண்ணி. குமிழி அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டுகளில் இருக்கு.

2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 262 கிலோமீட்டர் கால்வாய். காவிரி வெள்ளம் வரட்டும். ஆனால் கண்மாயின் வரத்துவாரி தூர்ந்து கிடந்தால், அந்தத் தண்ணியும் வெள்ளாற்றுத் தண்ணி மாதிரி சில நாளில் கடலுக்குத்தான் போகும்.