மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் சிறு ஆர்.என்.ஏ.க்கள்

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. அப்படியே புரதம் செய்யப் பயன்படுவதில்லை. இடையிடையே உள்ள இன்ட்ரான் துண்டுகளை வெட்டி நீக்கி, எஞ்சிய எக்சான்களை ஒட்டிய பிறகே அது தூது ஆர்.என்.ஏ. ஆகிறது. தறியில் பழுதான இழையை நறுக்கிவிட்டு இரு முனைகளைப் பிணைப்பது போன்ற வேலை. ஆனால் இங்கே ஓர் எழுத்து பிசகினாலும் அதற்குப் பின் வரும் புரதம் முழுவதும் மாறிவிடக்கூடும். ஸ்பிளைசிங் எனப்படும் இதனை 1977-இல் அடினோவைரஸில் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரும் 1993-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. வெட்டுவது யார் என்பதுதான் சுவையான பகுதி.

விடையின் ஒரு பாதி 1977-க்கு முன்பே அச்சில் இருந்தது. ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹாரிஸ் புஷ் குழுவினர், எலியின் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களின் உட்கருவிலிருந்து சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பிரித்தெடுத்தனர். யூரிடின் மிகுந்திருந்ததால் அவை யூ1, யூ2 எனப் பெயர் பெற்றன. யூ1-இன் எழுத்து வரிசை 1974-இல் வெளியானது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆர். ரெட்டி. இவை எந்தப் புரதத்துக்கும் குறிப்புத் தருவதில்லை. எதற்காக இருக்கின்றன என்றும் அன்று தெரியாது. பயன் தெரியாத ஒன்றை எழுத்தெழுத்தாகப் படித்து வைத்த அந்த உழைப்பு, என் கணிப்பில், பரிசு பெற்ற கண்டுபிடிப்புக்குக் குறைந்ததன்று.

லூப்பஸ் நோயாளிகளின் இரத்தத்தில் தம் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் அவற்றைத் தூண்டிலாக்கி, 1979-இல் இச்சிறு ஆர்.என்.ஏ.க்களைப் புரதங்களோடு சேர்த்தே பிடித்தனர். யூ1-இன் தொடக்க எழுத்துகள், இன்ட்ரான் தொடங்குமிடத்து எழுத்துகளோடு இணைசேரக் கூடியவை என்று 1980-இல் அவர்கள் குழு சுட்டிக்காட்டியது. வெட்டுமிடத்தை முதலில் அடையாளம் காண்பது யூ1 என்பது பின்னர் உறுதியானது. யூ2 இன்ட்ரானின் உட்பகுதியில் சேர்கிறது. யூ4, யூ5, யூ6 மூன்றும் ஒன்றாக வருகின்றன. வெட்டும் வேதிவினைக்கு வேண்டிய உலோக அயனிகளைப் பிடித்து வைப்பது யூ6 என்று 2013-இல் தெரிந்தது. அதாவது, கத்தியும் ஆர்.என்.ஏ.தான், புரதங்கள் உதவியாளர்கள்.

அந்த உதவியாளர்களைத் தேடியவர்களுள் உஷா விஜயராகவன் ஒருவர். கலிஃபோர்னியாவில் ஜான் ஏபல்சன் ஆய்வகத்தில், வெப்பம் கூடினால் ஸ்பிளைசிங் தடைப்படும் ஈஸ்ட் வகைகளைப் பிரித்து 1989-இல் வெளியிட்டார். அவற்றால் அறியவந்த பி.ஆர்.பி.18 என்னும் புரதம் யூ5-உடன் சேர்ந்து, ஒட்டும் கட்டத்துக்கு உதவுகிறது. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவர் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். இத்தகைய புரதங்களின் தேவை இன்ட்ரானுக்கு இன்ட்ரான் வேறுபடுவதை, வேறொரு ஈஸ்ட் வகையில் அவர் குழு காட்டியுள்ளது.